கார்ட் சொல்வதா, ஆள் சொல்வதா

ஓமி விளையாட நாலு பேர் உட்கார்ந்தால், கார்ட் குலுக்குவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வரும்: "நாலுக்கு நாலு வந்தா எப்படி?" ஏழிலிருந்து ஆசு வரை 32 கார்ட், ஆளுக்கு எட்டு. முதல் நான்கைக் கையில் வாங்கியதும் ஒருவர் துரும்பு சொல்லிவிட வேண்டும். மிச்சம் நான்கும் அதற்குப் பிறகுதான் வரும். எட்டுப் பிடியில் ஐந்தை எடுத்த சோடிக்கு வெற்றி. எட்டையும் எடுத்துவிட்டால் கபோத்தி, அதற்குத் தனி மரியாதை. சோடிக்கு நான்காகப் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சிலர் அந்த ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். சிலர் அடுத்த ஆட்டத்தில் வெல்பவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். இதை முதலில் பேசி வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தவர்கள் கோபத்தோடு எழும்பிப் போனதைக் கண்டி, மாத்தளைப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

கட்டுகஸ்தோட்டையில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. மாத்தளைக்குப் போகும் வீதியும் குருநாகலுக்குப் போகும் வீதியும் பிரிவது இங்கேதான். 1880இல் திறந்த கண்டி–மாத்தளை ரயில் பாதை மகாவலியைக் கடப்பதும் இங்கேதான். காலை ஒஃபிஸ் டிரெயினில் மடியில் பையை வைத்து, பையின் மேல் கார்ட் போட்டு விளையாடுகிறவர்களில் ஒருவர் வத்தேகமையில் ஏறியிருப்பார், இன்னொருவர் கட்டுகஸ்தோட்டையில் ஏறியிருப்பார். ஒருவர் அக்குறணைக்காரர், ஒருவர் தோட்டத்தில் வளர்ந்து டவுனில் வேலை பார்ப்பவர். ஒவ்வொருவரும் தன் வீட்டு முற்றத்தில் பழகிய விதியோடு வந்திருப்பார். விளையாட்டின் பெயர் ஒன்று, விதி நாலு.

304 இன்னும் கடினம். அதுவும் 32 கார்ட்தான். ஆனால் ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று ஒரு நிறத்துக்கு 76 புள்ளி. நாலு நிறத்துக்கும் சேர்த்தால் ஆட்டத்தின் பெயர் வந்துவிடும். கேட்டு எடுத்தவர் துரும்பைக் கவிழ்த்து மறைத்து வைப்பார். அங்கிருந்தே வழக்கு தொடங்கும். மறைத்த கார்டை எப்போது எடுக்க வேண்டும்? புள்ளியே இல்லாத கை வந்தால் திருப்பிப் பகிரச் சொல்லலாமா? எல்லாப் பிடியும் நமக்குத்தான் என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் விளையாடிக்கொண்டே போனால் தண்டமா? யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒரு பதில் சொல்வார், கம்பளையில் வளர்ந்தவர் இன்னொரு பதில் சொல்வார். இரண்டுமே அவரவர் இடத்தில் சரியான பதில்.

அந்தக் காலத்தில் இதைத் தீர்த்தது ஆள். கார்ட் கட்டு யாருடையதோ அவர் சொல்வது செல்லும். வீட்டில் விளையாடினால் வீட்டுக்காரர். எல்லோரும் அந்நியரானால் வயதில் மூத்தவர். இழவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்கக் கார்ட் போடுவது நம் பக்கத்தில் சிங்களவர், தமிழர் எல்லோரிடமும் உள்ள வழக்கம். அங்கே இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்தது. உள்ளே உடல் கிடக்கும்போது வெளியே பந்தலில் சத்தம் போட முடியாது. பெரியவர் ஒருவர் "விடுங்க, இந்தக் கை செல்லாது, திருப்பிப் போடுங்க" என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. தீர்ப்பு சரியா பிழையா என்று யாரும் கேட்பதில்லை. வேகமாக முடிந்தது என்பதே அதன் பெரிய குணம். இன்னொரு நல்ல குணமும் இருந்தது. புதிதாகப் பழகும் பையன் தவறான கார்டைப் போட்டுவிட்டால், அந்தப் பெரியவரே "எடுத்து வேற போடு தம்பி" என்று மன்னித்துவிடுவார். விதியைச் சொல்பவர் கையிலேயே விதியைத் தளர்த்தும் உரிமையும் இருந்தது.

ஆனால் பெரியவரின் எதிர்ச் சோடியில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருபது வயதுக்காரன் சரியான விதியைத் தெரிந்து வைத்திருந்தாலும் அறுபது வயதுக்காரரிடம் வெல்ல முடியாது. பெண் பிள்ளைகள் அந்தப் பந்தலில் உட்காரவே இல்லை. அவர்கள் விதி சொல்வது பற்றிப் பேச்சே கிடையாது.

தொண்ணூறுகளில் பிள்ளைகள் கைக்கு வந்தது வேறொரு வகை கார்ட். கடையில் கட்டுக்கட்டாக விற்ற ட்ரம்ப் கார்ட். ஒரு பக்கம் கிரிக்கெட் வீரர்கள், இன்னொரு பக்கம் மல்யுத்த வீரர்கள். ஒவ்வொரு கார்டிலும் படம், கீழே எண்கள்: ஆடிய போட்டி, ஓட்டம், அதிகபட்சம், விக்கெட், பிடி. ஒருவன் ஒரு தலைப்பைச் சொல்வான், பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவனின் கார்டைப் பிடுங்குவான். பிரிட்டனில் எழுபதுகளின் பிற்பகுதியில் கார், விமானம் என்று தொடங்கிய விளையாட்டு இது. நம் ஊருக்கு வந்தபோது கிரிக்கெட்டாக வந்தது.

எண் என்றால் சண்டை வராது என்று நினைக்கலாம். வந்தது. மல்யுத்த கார்டில் 'ரேங்க்' என்று ஒரு வரி உண்டு. ரேங்க் 1 பெரியதா, 30 பெரியதா? பந்துவீச்சுச் சராசரி குறைவாக இருப்பவன்தான் கெட்டிக்காரன். ஆனால் விளையாட்டின் விதி 'பெரிய எண் வெல்லும்' என்கிறது. பந்தே வீசாத விக்கெட் காப்பாளரின் கார்டில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். கோடு பூச்சியமா, அல்லது அந்தத் தலைப்பைக் கேட்கவே கூடாதா? பொது விதி ஒன்று சொல்ல, கார்டில் அச்சான வரி அதற்கு இடம் கொடுக்காமல் நிற்கும். உயரமான பையன் சொன்னது சட்டம். அவன் பாடசாலைக்கு வராத நாளில் வேறு சட்டம்.

கட்டுகஸ்தோட்டைப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டில் ஒரு கார்ட் மட்டும் சொந்தக்காரரின் படம் மாதிரி. முத்தையா முரளிதரன் படித்தது மகாவலிக் கரையில் இருக்கும் புனித அந்தோனியார் கல்லூரியில். அவருடைய கார்டை யாரும் எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கார்டே ஒரு புது வழக்கைக் கொண்டுவந்தது. கார்ட் அச்சான நாளோடு எண் நின்றுவிடும், முரளி நிற்கவில்லை. 2004 மார்ச்சில் அஸ்கிரிய மைதானத்தில் 500ஆவது டெஸ்ட் விக்கெட். 2007 டிசம்பரில் அதே மைதானத்தில் ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டினார். 2010இல் காலியில் 800ஓடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். பழைய கட்டு வைத்திருந்தவன் கையில் முரளி சில நூறு விக்கெட்டோடு இருந்தார், புதுக் கட்டு வைத்திருந்தவன் கையில் அதைவிடப் பெரிய முரளி. இரண்டு கட்டையும் கலந்து விளையாடும்போது எந்த முரளி உண்மையான முரளி? கார்டில் இருப்பதுதான் கணக்கு என்றான் ஒருவன். முந்தாநாள் ரேடியோவில் கேட்டதுதான் கணக்கு என்றான் மற்றவன். இரண்டாமவனின் வாதம் உலகப் புகழ்பெற்ற ஒரு கார்ட் விளையாட்டின் அதிகாரபூர்வ விதியாகவே இருக்கிறது என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முரளியின் பெயர் வந்தபின் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டெரல் ஹெயார் முரளியின் பந்தை எறிபந்து என்று ஏழு முறை நோபோல் கொடுத்தார். விதிப்புத்தகத்தில் முழங்கை நேராகக்கூடாது என்றிருந்தது. எவ்வளவு நேரானால் குற்றம் என்பதை நடுவரின் கண் தீர்மானித்தது. பத்து ஆண்டுகளில் அது மாறியது. பந்து வீச்சாளர்களின் கையைக் கமராவில் அளந்து பார்த்தபோது, வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பலரின் முழங்கையும் கொஞ்சம் நேராவது தெரிந்தது. 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை எல்லோருக்கும் 15 பாகை என்று ஒரே எல்லை வைத்தது. அந்த எல்லை பற்றி இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வாதம் ஓர் எண்ணைப் பற்றியதாக மாறியது. ஒருவரின் பார்வையை மட்டும் நம்பி ஒரு இளைஞனின் வாழ்க்கை தொங்குவது நின்றது. ஆள் சொல்வதிலிருந்து எழுத்து சொல்வதற்கு விளையாட்டுகள் நகர்ந்ததை நான் முன்னேற்றம் என்றே எண்ணுகிறேன். அதற்கு எங்கள் ஊர்க்காரர் கொடுத்த விலை பெரிது.

இனி சேகரித்து மாற்றும் கார்ட் விளையாட்டுகளுக்கு வருவோம். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித முனைவர் அமெரிக்காவில் 'மெஜிக்: த கெதரிங்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஓமியில் ஒரு கார்டுக்குத் தன் நிறமும் எண்ணும்தான் உண்டு. விதி முழுவதும் கார்டுக்கு வெளியே, ஆட்களின் தலையில் இருக்கிறது. கார்ஃபீல்டின் விளையாட்டில் ஒவ்வொரு கார்டும் தனக்கென ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. ஆட்டத்தின் பொது விதியைக் கார்டின் வரி மீறினால், கார்டே வெல்லும். இது அந்த விளையாட்டின் தலையாய விதி. பிறகு வந்த பொக்கிமோன் போன்றவையும் இதே அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

பொது விதியைச் சிறப்பு விதி வெல்லும் என்பது நமக்குப் புதிதில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் நாலு குடும்பங்களில் தகப்பன் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் சொத்து நாலு விதமாகப் பிரியலாம். கண்டிச் சிங்களவருக்கு 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வரையறுத்த கண்டியச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931இன் வாரிசுரிமைச் சட்டம். யாழ்ப்பாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டு இங்கே வேலை பார்க்கும் தமிழருக்கு 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை. மலையகத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டம். முதல் மூன்று குடும்பங்களும் தத்தம் கார்டைக் கையில் வைத்திருக்கின்றன, அது பொதுச் சட்டத்தை விலக்குகிறது. இரண்டு கார்ட் ஒன்றோடொன்று மோதும்போதுதான் நீதிமன்றம் தேவைப்படுகிறது.

மெஜிக்கிலும் மோதல் அங்கேதான் தொடங்கியது. ஒரு கார்ட் 'இந்த முறை நீ இன்னொரு நிலம் போடலாம்' என்கிறது. எதிரில் இருக்கும் கார்ட் 'யாரும் நிலம் போட முடியாது' என்கிறது. இதற்கு விதிப்புத்தகம் தெளிவாக ஒரு பதில் வைத்திருக்கிறது: முடியும் என்பதை முடியாது என்பது வெல்லும். ஆனால் எல்லா மோதலும் இப்படி நேருக்கு நேர் வருவதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கார்ட் போட்டால் எது முதலில் நடக்கும்? தொடக்க ஆண்டுகளில் குறுக்கீடு, உடனடி என்று வகைக்கு வகை வேறு வேகம் வைத்திருந்தார்கள், விளையாடுகிறவர்களே குழம்பினார்கள். 1999இல் ஆறாம் பதிப்போடு அதையெல்லாம் கலைத்து ஒரே அடுக்காக்கினார்கள். கடைசியாக வைத்தது முதலில் நடக்கும், அதற்குக் கீழே இருப்பது அதன் பிறகு. நீ ஒன்றைப் போட்டால் அதன் மேல் நான் ஒன்றை வைக்கலாம், என் மேல் நீ இன்னொன்றை வைக்கலாம். வைத்து முடிந்ததும் மேலிருந்து கீழே வருவோம். யார் முந்திக் கத்தினார் என்பது கணக்கில் வராது. சத்தமாகப் பேசத் தெரியாத பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கார்ட் நடுவர்களைத் திணறடித்தது. 'ஹியுமிலிட்டி' என்று 1997இல் ஏற்கெனவே ஒரு கார்ட் வந்திருந்தது: களத்தில் உள்ள எல்லா உயிரினங்களும் தம் திறன்களை இழந்து ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கும். 1999இல் 'ஒபலெசன்ஸ்': தன்னைத் தவிர்ந்த மந்திரக் கார்ட்களை அது உயிரினங்களாக்கும், அவற்றின் விலை எவ்வளவோ அவ்வளவு பலம் கொடுக்கும். ஹியுமிலிட்டியும் ஒரு மந்திரக் கார்ட்தான். ஒபலெசன்ஸ் வந்ததும் ஹியுமிலிட்டி உயிரினமாகிறது. உயிரினமானதும் தன் சட்டப்படியே தன் திறனை இழக்கிறது. திறனை இழந்தால் மற்றவர்களின் திறனைப் பறிக்கும் சட்டம் எங்கே? சட்டம் இல்லாவிட்டால் அதன் திறன் திரும்பி வருகிறதா? சுற்றிச் சுற்றி முடிவே இல்லை.

இதை அவிழ்த்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. விளைவுகளை ஏழு படிகளாகப் பிரித்தார்கள்: பிரதி எடுப்பது, யார் கையில் இருக்கிறது என்பது, எழுத்து மாற்றம், வகை மாற்றம், நிறம், திறன், கடைசியில் பலம். படிப்படியாகவே பார்க்க வேண்டும். வகைப் படியில் ஹியுமிலிட்டி உயிரினமாகிறது. திறன் படியில் தன் திறனையும் சேர்த்துப் பறிக்கிறது. ஒரு படியில் வேலை செய்யத் தொடங்கிய விளைவு, அதன் மூலம் அழிந்தாலும், மிச்சப் படிகளிலும் தன் வேலையை முடிக்கும். ஆகவே பலம் என்ற படியில் இரண்டு கார்டும் மோதுகின்றன; அங்கே பிந்தி வந்த கார்டின் சொல் நிற்கும். ஒபலெசன்ஸ் பிந்தி வந்திருந்தால் ஹியுமிலிட்டி நாலுக்கு நாலு, ஹியுமிலிட்டி பிந்தியிருந்தால் ஒன்றுக்கு ஒன்று. முடிவில்லாத சுற்றை ஒரு நேர்கோடாக்கிவிட்டார்கள். இந்த விதிப்புத்தகம் இன்று இருநூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது. வெளிவந்த கார்ட்கள் 25,000ஐத் தாண்டிவிட்டன. முரளி கார்ட் வழக்குக்கும் அதில் பதில் உண்டு. பழைய கார்டில் அச்சான வரி இன்றைய விதியோடு பொருந்தாவிட்டால், கையிலிருக்கும் கார்டின் எழுத்து செல்லாது. வெளியீட்டாளர் வைத்திருக்கும் திருத்திய எழுத்தே செல்லும். ரேடியோவில் கேட்டதுதான் கணக்கு என்று சொன்ன பையன் வென்றுவிட்டான்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் என் தங்கை வீட்டு விறாந்தைக்கு வாருங்கள். பள்ளி விடுமுறையில் அங்கே பொக்கிமோன் நடக்கிறது. தங்கையின் மகள், பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன், எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பத்து அண்ணன் தம்பி. ஒரு பகுதி புதுக் கார்ட். ஒரு பகுதி கனடாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்துவிட்டுப் போன 1999ஆம் ஆண்டுக் கார்ட். பெரிய மோதல்கள் பழைய கார்டில்தான் பிறக்கின்றன.

ஏரோடக்டில் என்று ஒரு கார்ட். அது களத்தில் இருக்கும்வரை யாரும் பரிணாமக் கார்ட் போட முடியாது. மக் என்று இன்னொன்று. அது களத்தில் இருக்கும்வரை, மக்கின் நச்சு வாயுவைத் தவிர மற்ற எல்லாச் சிறப்புச் சக்தியும் செல்லாது. மக் ஒரு பரிணாமக் கார்ட். க்ரைமர் மேல்தான் அதை வைக்க வேண்டும். சிங்களப் பையனிடம் ஏரோடக்டில் இறங்கிவிட்டது. மருமகளிடம் களத்தில் க்ரைமர், கையில் மக்.

"மக் வந்தா உன் பவர் போயிரும். அதனால நான் மக் போடலாம்" என்றாள்.

"போட்டாத்தானே வரும். போடவே ஏலாதே" என்றான் அவன், நல்ல தமிழில்.

எதிர் வீட்டுப் பெரியவன் கார்டை வாங்கி வாசித்தான். கையிலிருக்கும் மக்குக்குச் சக்தி கிடையாது, களத்துக்கு வந்தால்தான் அது பேசும், இப்போது பேசுவது ஏரோடக்டில் மட்டும் என்று முடிவாயிற்று. மக் முதலில் வந்திருந்தால் எல்லாம் தலைகீழ். பிறகு வரும் ஏரோடக்டிலின் சக்தி வெறும் எழுத்து, எல்லோரும் விருப்பம்போல் பரிணாமம் செய்யலாம். முந்தியவன் சட்டம். மெஜிக்கில் பிந்தியவன் சொல் நின்றதை நினைத்துப் பாருங்கள். இரண்டும் நியாயம்தான், எது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

மருமகள் விடவில்லை. கார்டின் அடி வரியை வாசித்தாள். ஏரோடக்டில் உறங்கினாலோ, குழம்பினாலோ, முடங்கினாலோ சக்தி நின்றுவிடும். "மாமா, முடக்கிட்டா?" என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் தம்பிக்காரன் கணக்குப் போட்டுவிட்டான். தாக்குதலோடு தாக்கியவர் முறை முடிகிறது. முடக்கம் எதிராளியின் அடுத்த முறை முடிவில் தீர்ந்துவிடும். ஆகவே அவள் முறை திரும்பும்போது ஏரோடக்டில் விழித்து நிற்கும்; இடையில் பரிணாமம் செய்ய வாய்ப்புக் கிடைப்பது எதிராளிக்குத்தான். உறக்கமானால் வேறு. ஒவ்வொரு முறைக்கும் இடையில் காசைச் சுண்ட வேண்டும், தலை விழுந்தால் விழிப்பு. அவள் தாக்கிய பிறகு ஒரு சுண்டல், அவன் முறைக்குப் பிறகு ஒரு சுண்டல். இரண்டிலும் பூ விழ வேண்டும். நாலில் ஒரு வாய்ப்பு. உறங்குகிற கார்டைப் பின்வாங்க முடியாது, ஆனால் பயிற்சியாளர் கார்ட் ஒன்றால் மாற்றிவிட முடியும். அதையும் பெரியவன் எடுத்துச் சொன்னான். அவள் யோசித்து, உறங்க வைக்கும் கார்டைத் தேடி எடுத்தாள். பத்து வயதுப் பிள்ளை ஒரு சட்டத்தின் ஓட்டையையும் அந்த ஓட்டையின் விலையையும் இப்படி எடைபோடுவதை ஓமிப் பந்தலில் நான் பார்த்ததில்லை.

அங்கே என் தீர்ப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அந்த விறாந்தையில் வயதில் மூத்தவன் நான், வீட்டு ஆண், மாமன். அன்றைய கணக்கில் இந்த மூன்றில் ஒன்றே போதும். இன்று கார்டை யார் கடைசி வரிவரை வாசித்தார்களோ அவர்கள் வார்த்தை நின்றது. வாசித்தும் தீராவிட்டால் ஃபோனில் தேடினார்கள். சிறியவன் பெரியவனைத் திருத்தினான், பெண் பிள்ளை இருவரையும் திருத்தினாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்று கிடைத்த மன்னிப்பும் இங்கே உண்டு; ஆனால் அதை எதிராளி கொடுக்கிறான், "சரி, எடுத்துக்கோ" என்று. தனக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுப்பவன் அவன்தான் என்பதால், அது அவன் கையில் இருப்பதே சரி.

ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது, அது சிறிய குறை இல்லை. கார்டில் உள்ள எழுத்து ஆங்கிலம். மெஜிக்கோ பொக்கிமோனோ தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. அன்று வயதில் மூத்தவர் வைத்திருந்த இடத்தில் இன்று ஆங்கிலம் நன்றாக வாசிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வீட்டுப் பெரியவன் ஆங்கில மொழி மூலம் படிக்கிறான். அவன் கார்டை வாங்கி வாசித்ததும் வழக்கு முடிந்தது என்று மேலே எழுதினேன். அவன் நல்ல பையன், நேர்மையாக வாசித்தான். நேர்மையில்லாத ஒருவன் 'வரை' என்பதை 'பிறகு' என்று மாற்றிச் சொல்லியிருந்தால் மற்ற மூவருக்கும் தெரிந்திருக்காது.

எந்த எழுத்து செல்லும் என்ற கேள்வி இந்த நாட்டுத் தமிழருக்குப் பழகிய கேள்வி. 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். ஆனாலும் நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழில் சட்டத்தை வாசித்தவர் தான் வாசித்தது விதியா, விதியின் நிழலா என்று இன்னொரு மொழியில் போய்ச் சரிபார்க்க வேண்டும். விதி எழுத்தில் இருப்பது போதாது. யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர்கள் தாமே வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். கார்ட் விளையாட்டில் இதைச் சரிசெய்யச் செலவு ஒரு சி.ஆர். கொப்பி.

அந்தக் கொப்பியைப் பிள்ளைகளே தொடங்கிவிட்டார்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம். அடிக்கடி சண்டை வரும் கார்ட்களின் வரிகளை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். மருமகள் தமிழில் எழுதுகிறாள், பக்கத்து வீட்டுப் பையன் சிங்களத்தில். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் எந்தப் பக்கமும் செல்லாது, ஆங்கிலக் கார்டை நாலு பேரும் சேர்ந்து திரும்ப வாசிக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மிஸ்டர் மைம் கார்டுக்கு ஒரு முழுப் பக்கம் போயிருக்கிறது. 30ஓ அதற்கு மேலோ சேதம் வரும் தாக்குதல் அதைத் தொடாது. பலவீனத்தைக் கணக்கிட்ட பிறகே அந்த 30ஐப் பார்க்க வேண்டும். அதனால் அதன் பலவீனமான வகையிலிருந்து வரும் 20 இரட்டித்து 40 ஆகித் தடுக்கப்படும்; வேறு வகையிலிருந்து வரும் வெறும் 20 அதைக் காயப்படுத்தும். பலவீனமே கவசமாகும் இந்த இடத்துக்கு மருமகள் சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருக்கிறாள்.

தீராத வழக்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. எதிர் வீட்டுத் தம்பியிடம் இருப்பதில் பெரும்பகுதி போலிக் கார்ட். கடையில் மலிவாகக் கிடைக்கும் பொன்நிறக் கார்ட். எழுத்து பிழை, எண்கள் அபத்தம், நம்ப முடியாத உயிர்ப் புள்ளிகள். உண்மைக் கார்டின் விலை அந்த வீட்டுக்குக் கட்டாது. ஒரு விடுமுறைக் காலத்தில் நாலு பேரும் விளையாடும் அளவு உண்மைக் கார்ட் இந்த ஒழுங்கையிலேயே கிடையாது. அச்சான வரியை அப்படியே ஏற்றால் அவனை யாராலும் வெல்ல முடியாது. போலி செல்லாது என்றால் அவன் வெளியே உட்கார வேண்டும். மூத்த பையன்கள் இருவர் செல்லாது என்ற பக்கம்.

நான் தம்பியின் பக்கம். அவன் கார்டில் இருக்கும் படத்துக்குரிய உண்மைக் கார்டைத் தேடி, அதன் வரிகளைக் கொப்பியில் எழுதி, அந்த எழுத்துப்படி அவனை விளையாட விடவேண்டும். கையிலிருக்கும் அச்சு செல்லாது, திருத்திய எழுத்தே செல்லும் என்று மெஜிக் பழைய கார்ட்களுக்குச் செய்ததை நாம் ஏழைப் பையனின் கார்டுக்குச் செய்தால் போதும். இதை அவர்களிடம் சொன்னேன். மருமகள் ஏற்றுக்கொண்டாள், பக்கத்து வீட்டுப் பையன் யோசிக்கிறேன் என்றான், தமையன்காரன் இன்னும் மறுக்கிறான். தேடி எழுத வேண்டிய கார்ட்களின் பட்டியலைத் தம்பி ஏற்கெனவே தயாரித்துக்கொண்டு வந்துவிட்டான்.